ஆறாம் நம்பர் ரூம் கௌதாரிகள்

அந்தப் படத்தில் எல்லாமே சரியாகத்தான் இருந்தது, கௌதாரியின் அலகைத் தவிர.

மார்கழிப் பனி முழுசாக விலகாத காலை. ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவே நிற்கும் தோட்டவீட்டு மொட்டைமாடியில், முக்காலியில் பீரங்கி மாதிரி நின்ற கேமராவுக்குப் பின்னால் ராஜபாண்டியன் உட்கார்ந்திருந்தார். பச்சை இலைகள் அச்சடித்த ஜெர்கின் போட்டிருந்தார். பறவைகளுக்கு ஆள் தெரியக் கூடாது என்பதற்காகச் சென்னையிலிருந்து வரவழைத்தது. சுற்றுவட்டாரத்தில் சீமைக்கருவேலைத் தவிர மரமே கிடையாது என்பதால், அரை மைல் தூரத்திலிருந்து பார்த்தாலும் மாடியில் ஒரு ஒற்றை மரம் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது தெளிவாகத் தெரியும்.

கேமராவின் முதுகுத் திரையில் படத்தைப் பெரிதாக்கினார். வீட்டுக்குக் கிழக்கே, சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம், அவருடைய பட்டாசுக் கம்பெனி. அதில் ஆறாம் நம்பர் ரூம், அல்லது அதில் மிஞ்சியது: கூரை இல்லை, நாலு சுவரும் இடுப்புக்கு மேல் இல்லை. வாசல் சுவரில் பதித்திருந்த செப்புத் தகடு மட்டும் சரிந்து, கணுக்கால் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. படத்தில் இருந்த கௌதாரி தன் அலகை அந்தத் தகட்டின் மேல் வைத்திருந்தது.

பறவை எதையாவது கொத்தத்தான் செய்யும். அடுத்த படத்துக்குப் போனார். முதல் கௌதாரி உள்ளே போயிருந்தது. இரண்டாவது கௌதாரி வாசலில் நின்று, தகட்டின் மேல் அலகை வைத்திருந்தது. அடுத்த படம். மூன்றாவது கௌதாரி. தகடு. அடுத்த படம். தகடு.

ராஜபாண்டியனுக்குக் கோபம் வந்தது. எது புரியாவிட்டாலும் அவருக்கு முதலில் கோபம்தான் வரும். அப்படியே பழகிவிட்டார்; அவருக்குப் புரியாததை விளக்க வேண்டியது எப்போதும் எதிரில் நிற்பவருடைய வேலையாக இருந்தது.

வெடிமருந்து புழங்கும் ரூமுக்குள் போகிறவர்கள் வெறுங்காலோடு, பருத்தித் துணி உடுத்தி, அந்தத் தகட்டை ஒரு தரம் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். இல்லாவிட்டால், ஒரு சேலை உரசலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும். விதிகளில் அது ஒன்று. ராஜபாண்டியன் கம்பெனியில் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்ட ஒரே விதியும் அதுதான். ஏனென்றால் அதற்கு அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மற்ற விதிகளுக்கு அவர் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. உதாரணமாக, ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது.

போன ஆடியில், சீசன் ஆர்டர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், ஆறாம் நம்பர் ரூமில் பதினோரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரூம் வெடித்ததில் பதினோரு பேரும் போனார்கள். பதிவேட்டில் நாலு பெயர்தான் இருந்தது. மிச்சம் ஏழு பேரை என்ன செய்வது என்பதுதான் ராஜபாண்டியனின் துக்கமாக இருந்தது.

அந்தத் துக்கத்தை ஆற்றியவர் வக்கீல்.

"ஏழு பேரும் வேலைக்கு வரலை அண்ணாச்சி" என்றார் அவர், ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்தபடி. "முட்டை எடுக்க வந்தாக. கௌதாரி முட்டை. வேலி தாண்டி அத்துமீறி நுழைஞ்சிருக்காக. நேரம் சரியில்லை, மாட்டிக்கிட்டாக. நாம என்ன செய்ய முடியும்?"

அப்படியே எழுதப்பட்டது. விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அங்கே கௌதாரி இருக்கா?"

இல்லை. பதினைந்து வருஷமாக வெடித்துப் பார்க்கும் சத்தத்திலும் கந்தகப் புகையிலும் அங்கே ஒரு காக்கைகூட வந்து உட்கார்ந்ததில்லை.

ஆகவே ராஜபாண்டியன் கேமரா வாங்கினார். பறவை இருக்கிறது என்று காட்ட வேண்டும். காட்டுவதற்குப் பறவை வர வேண்டும். மூடிக் கிடந்த கம்பெனிக்குள் அங்கங்கே மண்சட்டியில் தண்ணீர் வைக்கச் சொன்னார். கம்பு தூவச் சொன்னார். ஆறாம் நம்பர் ரூம் பக்கம் 'பறவைகள் கூடு கட்டும் இடம், உள்ளே நுழையாதீர்' என்று ஒரு பலகை நட்டார். முதலில் தவிட்டுக்குருவி வந்தது. பிறகு பஞ்சுருட்டான், வாலாட்டி. படங்களைச் செல்போனில் நாலு பேருக்கு அனுப்பினார். அந்த நாலு பேரில் ஒருவர் டவுனில் இயற்கை ஆர்வலர் சங்கத் தலைவர். ஐப்பசியில் கல்யாண மண்டபத்தில் சால்வை போட்டு 'பறவைக் காவலர்' என்று பட்டம் கொடுத்தார்கள். ஏற்புரையில் ராஜபாண்டியன், "எங்கயோ ஒரு ஊர்ல பறவைகளுக்காக வெடியே போடுறதில்லையாம், அந்த மக்களை நான் கையெடுத்துக் கும்பிடுறேன்" என்று தழுதழுத்தார். பட்டாசுக் கடைக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார்கள். புத்தாண்டுக் காலண்டரில் அவர் எடுத்த பஞ்சுருட்டான் படம் வந்தது. பஞ்சுருட்டானைவிடக் கொஞ்சம் பெரிதாக அவர் படமும் வந்தது.

டவுன் வீட்டிலிருந்து தோட்டவீட்டுக்கு வர மறுத்துவிட்ட மனைவி கற்பகவல்லிதான் ஒத்துழைக்கவில்லை. "மனுசங்க செத்த இடத்துல குருவி படம் புடிக்கீகளாக்கும்? நல்லா இருக்கு" என்று போனை வைத்துவிட்டாள்.

கார்த்திகைக் கடைசியில் கௌதாரி வந்தது. ஏழு.

ஒரு நாளும் ஆறு இல்லை. ஒரு நாளும் எட்டு இல்லை. காலை ஆறே முக்காலுக்கு, முன்பு கிராமத்து வேன்கள் ஆள் இறக்கிய அதே நேரத்துக்கு, பின்வேலித் திட்டிவாசல் வழியாக ஒன்றன்பின் ஒன்றாக நுழையும். தூவிய கம்பை அவை தொடுவதில்லை. ராஜபாண்டியன் அப்போது இதையெல்லாம் கவனிக்கவில்லை. ஏழு என்ற எண்ணிக்கை மட்டும் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

இப்போது, தகட்டின் மேல் அலகு வைத்த ஏழு படங்களையும் வரிசையாகப் பார்த்த பிறகு, அந்தச் சந்தோஷம் நெஞ்சுக்குள் எங்கோ வழுக்கிவிட்டது போல இருந்தது.

முன்கேட்டுக்கு நடந்தார். கேட்டில் அரக்கு முத்திரை. கேட்டுக்கு வெளியே, தூண் ஓரமாக வேலுத்தாய் ஓர் அகல் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். காவலுக்கும் கம்பு தூவுவதற்கும் அவர் வைத்த ஆள். அவள் மகள் பொன்மணி அந்த ஏழு பேரில் ஒருத்தி.

"ஏ வேலுத்தாயி, அந்தத் தகட்டுல வெல்லம் கில்லம் தடவி வச்சியா?"

"நான் என்னத்துக்குத் தடவப் போறேன் மொதலாளி? நீங்க சொன்ன இடத்துல கம்பு வைக்கேன், தண்ணி வைக்கேன். அம்புட்டுதான்."

"பொறகு ஏன் கௌதாரி ஒவ்வொண்ணும் அதைக் கொத்திட்டு உள்ள போகுது?"

அவள் பெருக்குவதை நிறுத்தவில்லை. "தொடாம உள்ள போனா போர்மேன் வைவாருல்ல."

"கௌதாரியை எந்தப் போர்மேன்டீ வைவான்?"

"நான் கௌதாரியைச் சொல்லலை."

விளக்குமாறு நாலு தரம் மண்ணைச் சுரண்டியது. அந்தச் சத்தம் பல்லில் ஏறுவது போல இருந்தது அவருக்கு.

"எங்க பொன்மணி ரெண்டு தடவை தொடுவா" என்றாள் வேலுத்தாய். "சரியான பயந்தாங்கொள்ளி. ஒரு தடவை தொட்டாப் பத்தாதாடின்னு மத்தவளுகெல்லாம் கேலி பண்ணுவாளுக. ஒண்ணு எனக்கு, ஒண்ணு எங்க ஆத்தாளுக்குன்னு சொல்லுவாளாம். நான் பத்தாம் நம்பர்ல இருந்தேன்ல. அதுக்கு."

"சரி, சரி. விளக்கை அணை. மருந்துக் கம்பெனி வாசல்ல வெளக்கா? அறிவிருக்கா உனக்கு?"

"அணைக்கவே வேண்டாம் மொதலாளி. கொஞ்ச நேரத்துல திரி இருக்காது. எரியிற திரியையே கொத்திட்டுப் போயிருது."

"காக்காயா?"

"காக்கா இல்லை" என்றாள். பிறகு நிமிர்ந்தாள். "மூடுன கம்பெனிதானே. உள்ளதான் ஒண்ணும் இல்லையே. வெளக்கு இருந்தா என்ன?"

ராஜபாண்டியன் ஆறாம் நம்பர் பக்கம் பார்த்தார். உள்ளே இருந்தது. விபத்துக்கு அடுத்த நாள், அதிகாரிகள் முத்திரை வைக்க வருவதற்கு முன், கணக்கில் வராத பதினெட்டுச் சாக்கு அலுமினியப் பவுடரையும் பேன்சி வெடிக்கான மணி மருந்தையும் எங்கே ஒளிப்பது என்று யோசித்து, ஏற்கெனவே வெடித்து முடிந்த ரூமுக்குள் யார் தேடப் போகிறார்கள் என்று அவரே கண்டுபிடித்த இடம் ஆறாம் நம்பர். தார்ப்பாய் போர்த்தி, மேலே இடிந்த செங்கலைப் பரப்பி வைத்தாயிற்று. பறவைகள் கூடு கட்டும் இடம், உள்ளே நுழையாதீர்.

"திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு விசாரணை ஆபீசர் வர்றாரு" என்றார், குரலை உயர்த்தி. "பறவையெல்லாம் நேர்ல பார்க்கணும்னு நாந்தான் வரச் சொல்லியிருக்கேன். உன்னையும் கேப்பாரு. என்ன சொல்லுவ? சொல்லு பார்ப்போம்."

அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஆரும் வேலைக்கு வரலைங்க. கௌதாரி முட்டை எடுக்க உள்ள நுழைஞ்சிருக்காக."

"அத்துமீறி."

"அத்துமீறி நுழைஞ்சிருக்காக."

"ம். மறந்துராத."

"ஒரு வரி எழுதிக் குடுங்க மொதலாளி." அவள் கையை இன்னும் அவிழ்க்கவில்லை. "பொன்மணி இங்கன வேலை பார்த்தான்னு. வேற ஒண்ணும் நான் கேக்கலை. திருடப் போயிச் செத்தவளோட ஆத்தான்னு ஊருக்குள்ள பேச்சு. ஒரே ஒரு வரி."

"ஒருத்திக்கு எழுதினா ஏழு பேருக்கும் எழுதணும். எழுதினா கம்பெனி திறக்காது, தெரியும்ல? பொறகு நீ எந்த வேன்ல ஏறுவ? நான் ஒரு போன் போட்டா நாரணாபுரத்துலருந்து அச்சங்குளம் வரைக்கும் உனக்கு எந்த வேனும் நிக்காது. உன் மத்த மகளுக்கும் நிக்காது."

அவள் மறுபடி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஐந்தரைக்கே மாடிக்கு வந்துவிட்டார். படம் எடுக்க அல்ல. தகட்டில் சத்தம் வருகிறதா என்று கேட்க. அப்படி அவர் தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. வெளிச்சம் நன்றாக விழும் என்று சொல்லிக்கொண்டார்.

பனி கரிசல் மேல் பஞ்சுப்பொதி மாதிரி படுத்திருந்தது. எங்கோ தூரத்தில் ஒரு டீக்கடை ரேடியோவில் திருப்பாவை, அதுவும் நின்றது. ஐந்து மாதம் ஆகி, இரண்டு மழை பெய்து, புல் முளைத்த பிறகும் அந்த இடத்திலிருந்து கந்தக வாசனை, அதற்கு அடியில் கருகின முடி வாசனை, அதற்கும் அடியில், இதை அவர் இதுவரை கவனித்ததே இல்லை, மல்லிகைப் பூ வாசனை, மூன்றும் பின்னல் மாதிரி முறுக்கிக்கொண்டு ஈரக் காற்றில் மாடி வரைக்கும் ஏறி வந்தன. வடக்கிலிருந்து சூறைக்குருவிக் கூட்டம் ஒன்று, ஆயிரக்கணக்கில், குளிர்காலத்துக்கு வந்தவை, வானத்தில் ஒரு பெரிய துணியை உதறுவது போலச் சுருண்டு விரிந்து கம்பெனிக்கு மேலே வந்தது. நேர் ஆறாம் நம்பருக்கு மேலே வந்ததும் கூட்டம் இரண்டாகப் பிளந்து, நடுவில் ஏதோ தூண் நிற்பது போல, அதைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் போய் ஒன்றாகச் சேர்ந்தது. ஒரு குருவிகூட அந்த வெற்றிடத்தைத் தாண்டவில்லை.

ஆறே முக்கால்.

டிங்.

அவ்வளவு தூரத்துக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கக் கூடாது. கேட்டது. தெளிவாக. கோயில் மணியை நகத்தால் தட்டுவது போல.

டிங். டிங். டிங்.

எண்ணினார். ஐந்து. ஆறு. லென்ஸில் ஏழாவது கௌதாரி வாசலில் நின்றது. மற்றவற்றைவிடச் சிறியது.

டிங்.

நின்றது. உள்ளே போகவில்லை. தலையைச் சாய்த்து முன்கேட்டுப் பக்கம் பார்த்தது, வேலுத்தாய் பெருக்கிக்கொண்டிருக்கும் பக்கம்.

டிங்.

பறவை ஏழு. சத்தம் எட்டு.

அவருக்குக் காதோரம் குளிர்ந்து, உடனே கொதித்தது. மாடியில் கிடந்த கல் ஒன்றை எடுத்து வீசினார். கல் ஆறாம் நம்பர் சுவரில் பட்டுத் தெறித்தது. எந்தக் கௌதாரியும் பறக்கவில்லை. சத்தம் கேட்டால் புதருக்குள் ஓடிவிடும் பறவை அது, பெயர் பெற்ற பயங்கொள்ளி. ஏழும் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தன. பிறகு, வேலை நேரத்தில் முதலாளி கத்தினால் பெண்கள் செய்வதைப் போல, ஒரே சமயத்தில் தலையைக் குனிந்துகொண்டன.

உள்ளே அவை இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. வடக்குச் சுவர் ஓரம் மூன்று. தெற்கே நாலு. நடுநடுவே இடைவெளி விட்டு, அங்கங்கே இன்னும் நாலு பேர் உட்கார்ந்திருப்பது போல. அலகு தரையைக் குத்தும்; எடுக்கும்; பக்கத்தில் வைக்கும். குத்தும், எடுக்கும், வைக்கும். குழாய்க்குள் மருந்து செலுத்துகிற கை. ஒரே தாளம். அதை அவர் பதினைந்து வருஷம் ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறார். வேகம் பத்தாது என்று வைதிருக்கிறார்.

சிறியது தெற்கு வரிசையில் கடைசி. அது எழுந்தபோது, அதன் வயிற்றுக்கு அடியில் இருந்த இடம் வெளிறித் தெரிந்தது.

முட்டைகள்.

ஒரு நிமிஷம் ராஜபாண்டியன் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டார். வக்கீலுக்குப் போன் போட்டார்.

"முட்டையா?" வக்கீல் படுக்கையிலிருந்து எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. "அண்ணாச்சி, கும்பிட்ட சாமி கைவிடலை. ஒரே ஒரு படம். கூடு, முட்டை, பின்னால ரூம் நம்பர் தெரியணும். ஆபீசர் கையில குடுத்துருங்க. கேஸ் முடிஞ்சது."

"மாடியிலருந்து சரியா விழலை. சுவர் மறைக்கி."

"அப்ப உள்ள போயி எடுங்க. உங்க கம்பெனிக்குள்ள நீங்க போகக் கூடாதுன்னு யாரு சொல்லப் போறா?"

திங்கட்கிழமை பனி அதிகம். ஏழரைக்குத் திட்டிவாசலைத் திறந்தார். கௌதாரிகள் வரும் நேரம் தாண்டியும் அன்றைக்கு ஒரு டிங்கும் கேட்கவில்லை. வரவில்லை என்றால் நல்லதுதான், கூட்டைப் படம் எடுக்க வசதி, என்று சொல்லிக்கொண்டார். கழுத்தில் கேமரா. உடம்பில் இலை ஜெர்கின், உள்ளே கம்பளிப் பனியன், காலில் கனத்த ரப்பர் பூட்ஸ். இந்த நான்கில் ஒன்றோடு வந்தாலும் தொழிலாளியை உள்ளே விடக் கூடாது என்று எழுதிய பலகை, பனியில் நனைந்து, அவர் தோளை உரசியது. அது தொழிலாளிகளுக்கானது.

நாலாம் நம்பர். ஐந்தாம் நம்பர். பூட்ஸுக்கு அடியில் புல் நறநறத்தது. வாலாட்டி ஒன்று அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டே வந்து, ஆறாம் நம்பர் பலகைக்குப் பத்தடி முன்பாக நின்று, திரும்பி, வந்த வழியே ஓடியது.

வாசல். தகடு கணுக்காலுக்கு அருகில் மங்கலாக மின்னியது. நடுவில் ஒரு குழி. அலகுகள் தேய்த்த குழி என்றால் இவ்வளவு ஆழம் இருக்காது. வருஷக் கணக்கில் விரல்கள் தேய்த்தது.

முதலாளி தகட்டைத் தொட்டதாகக் கம்பெனி வரலாற்றில் இல்லை. தாண்டி உள்ளே போனார்.

கூடு தெற்குச் சுவர் ஓரம் இருந்தது. குனிந்து பார்த்தவருக்கு அது வைக்கோல் அல்ல என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று. வெடித் திரி. நாலு விரற்கடை நீளத்துக்கு ஒழுங்காக நறுக்கிய திரி, நூற்றுக்கணக்கில், கூடை பின்னுவது போலப் பின்னியிருந்தது. இடையிடையே ஒரு மஞ்சள் ரிப்பன் நுனி. நீளமான கறுப்பு முடி. நடுவில் ஏழு முட்டைகள். வெள்ளி நிறம்.

படம் எடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். அவ்வளவுதான். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பின்னால் சுவரில் பெயின்ட்டில் எழுதிய 6 தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது. ஒரு முட்டை மட்டும் நிழலில் இருந்தது. விரலால் நகர்த்தினார். சுடச்சுட இருந்தது. விரலை இழுத்துக்கொண்டார், விரல் நுனி வெள்ளியாக மின்னியது.

அப்போதுதான் தரையைப் பார்த்தார்.

தார்ப்பாய் இல்லை. அது நூல் நூலாகக் கிழித்து, சுவர் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. பதினெட்டுச் சாக்கும் வயிறு பிளந்து கிடந்தன. பவுடர், சல்லடையில் சலித்துப் பரப்பியது போல, ஒரே சீராக, மேடு பள்ளம் இல்லாமல், ரூம் முழுக்க. பனிக்கு அடியில் அவர் அதைக் கரிசல் மேல் விழுந்த வெளிச்சம் என்று நினைத்திருந்தார். அதன் மேல் சின்னச் சின்ன மூவிரல் தடங்கள், வரிசை வரிசையாக. வாசலிலிருந்து கூடு வரைக்கும் ஒரே ஒரு பூட்ஸ் தடம். உள்ளே வருகிற தடம்.

கையை மெல்லக் கீழே இறக்கினார்.

சட்.

அக்குளில், ஜெர்கினுக்கும் கம்பளிக்கும் நடுவே. ஒரு சின்னச் சொடுக்கு. முன்கை மயிர் எல்லாம் எழுந்து நின்றது.

ராஜபாண்டியன் அசைவதை நிறுத்தினார்.

பதினைந்து வருஷமாக, புது ஆட்கள் சேரும்போதெல்லாம் போர்மேன் வாசலில் நின்று ஒப்பித்ததை அவர் ஒரு காதால்கூடக் கேட்டதில்லை என்று நினைத்திருந்தார். இப்போது ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் வந்தது. உரசாதே. காலை இழுக்காதே. தகட்டைத் தொடாமல் நுழைந்துவிட்டால், நின்ற இடத்திலேயே நில்.

தகடு ஐந்தடி தூரத்தில் இருந்தது. மூச்சு விட்டால் ஜெர்கின் நெஞ்சில் உரசியது. பாதி மூச்சு விட்டார். செல்போன் உள்பையில். முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. இலைகள் அச்சடித்த துணி, நடுக்கத்தில், காற்றில்லாத காலையில், மெல்லச் சலசலத்தது.

முன்கேட்டுப் பக்கம் ஜீப் வந்து நிற்கும் சத்தம். கதவு. பனியில் குரல்கள் பக்கத்தில் பேசுவது போலக் கேட்டன.

"ஐயா இருக்காராம்மா? எட்டு மணிக்கு வரச் சொன்னார்."

"மாடியில இருப்பாகய்யா."

"மாடியில கேமரா ஸ்டாண்டு மட்டும்தான் இருக்கு. ஆளைக் காணோமே."

ராஜபாண்டியன் வாயைத் திறந்தார். எச்சிலைக் கூட்டி, நெஞ்சு அசையாமல், தொண்டையால் மட்டும் கத்தினார்.

"வேலுத்தாயி! நாந்தான்! உள்ள இருக்கேன்!"

விளக்குமாறு மண்ணைச் சுரண்டுவது நின்றது.

"யாரோ கூப்பிடற மாதிரி இல்லை?" என்றார் அதிகாரி. "உள்ளே யாரும்மா?"

"வேலுத்தாயி!"

அவளுக்குக் கேட்டது. அவருக்குத் தெரியும். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைக்கும் சத்தம் கேட்டது. அவள் கையைக் கட்டிக்கொள்வதை அவரால் பார்க்க முடிந்தது, அத்தனை சுவர்களைத் தாண்டி.

"ஆரும் வேலைக்கு வரலைங்க" என்றாள் வேலுத்தாய். நிறுத்தி, தெளிவாக, ஓர் எழுத்தும் பிசகாமல். "கௌதாரி முட்டை எடுக்க அத்துமீறி நுழைஞ்சிருக்காக."

"அப்படியா?" என்றார் அதிகாரி. பேப்பர் புரண்டது. "எத்தனை பேரும்மா?"

"ஒருத்தரு."

"சரி. எழுதிக்கிட்டேன்."

டிங்.

அவர் தலையைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் திருப்பினார். முதல் கௌதாரி அவரைத் தாண்டி நடந்து வடக்குச் சுவர் ஓரம் உட்கார்ந்தது.

டிங். டிங்.

பவுடரில் தடம் பதியும் சத்தம். அதற்குக்கூடச் சத்தம் இருந்தது.

டிங். டிங்.

மல்லிகை வாசனை.

டிங்.

ஆறு. ஆறும் தலை குனிந்தன. குத்தும். எடுக்கும். வைக்கும். அவர் பூட்ஸுக்குப் பக்கத்தில். பூட்ஸின் மேல். ஒவ்வொரு குத்திலும் ஒரு துண்டுத் திரி இன்னொன்றோடு சேர்ந்தது.

"வெளக்குல திரியைக் காணோமேம்மா" என்றது தூரத்தில் ஒரு குரல்.

ஏழாவது வாசலில் நின்றது. சின்னது. அலகு காலியாக இல்லை. அதனால் வலது காலைத் தூக்கித் தகட்டைத் தொட்டது.

டிங்.

கேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

டிங்.

அதன் அலகில் எண்ணெயில் ஊறின பஞ்சுத் திரி. நுனியில் மஞ்சள் சுடர், பனியில் துளியும் அசையாமல்.

அது அவசரப்படவில்லை. வெள்ளித் தரையில் ஒவ்வொரு அடியாக வைத்து, தெற்கு வரிசைக் கடைசிக்கு, தன் இடத்துக்கு நடந்து வந்தது. அந்த இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார்.